காணாக்கடி



பதிவு நீளமானது, பொறுமையாகப் படியுங்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆடி மாதத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர், "இதையெல்லாமா ஊருக்குத் தண்டோரா போடுவாங்க?" என்றார். அண்ணன் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை, என் பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது.

இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை மாதம் ஆனது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வெளியூரில் இரண்டு இரவு தங்கினோம். திரும்பி வந்து இரண்டு வாரம் இருக்கும், என் முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்பு. மறுநாள் கழுத்தில். அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு, ரத்தம் வரும்வரை சொறிந்தாலும் அடங்காது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே கட்டில், ஒரே மெத்தை. அவருக்கு இல்லாமல் எனக்கு மட்டும் இருந்தால் அது என் உடம்புக் கோளாறு என்றுதானே நினைக்கத் தோன்றும்?

நான் அலர்ஜிக்காரி என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் சாக்பீஸ் தூசு. கரும்பலகை துடைக்க உங்களில் யாரையாவது கூப்பிடுவேன், நீங்களும் நான் நீ என்று போட்டி போடுவீர்கள். அது உங்களுக்குக் கொடுத்த கௌரவம் இல்லை பிள்ளைகளே, துடைத்தால் எனக்கு மூச்சு வாங்கும், அதுதான் காரணம். இன்றும் கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் தெருமுனை தாண்டுவதில்லை.

எது கடித்தது என்று தெரியாமல் உடம்பு தடித்தால் நம் பெரியவர்கள் அதற்குக் காணாக்கடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லக் கொடுப்பார். நானும் மென்றேன். கத்தரிக்காயை நிறுத்தினேன். கருவாடு, வேர்க்கடலை எல்லாம் நிறுத்தினேன். இரண்டு மாதம் கத்தரிக்காய் இல்லாத சாம்பார். பாவம் அந்தக் கத்தரிக்காய், அது ஒரு தப்பும் செய்யவில்லை. டாக்டர் அரிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்டால் தூக்கம் வந்தது. தூங்கினால் இன்னும் நன்றாகக் கடித்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி கடித்தால் எல்லோருக்கும் தடிக்காது. அதன் எச்சிலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் தடிப்பு. சிலருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்கு நாள் கழித்துத் தெரியும், என்னைப் போன்றவர்களுக்கு அன்றே கொப்புளம். கடிக்கும்போது வலிப்பதும் இல்லை. ஐந்து பத்து நிமிடம் நிதானமாகக் குடித்துவிட்டுப் போய்விடும். ஆக எங்கள் வீட்டுக்காரரையும் கடித்துக்கொண்டுதான் இருந்தது. மனுஷர் அசையாமல் தானம் செய்திருக்கிறார்.

பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு வீசிங் வந்து எழுந்தேன். இன்ஹேலர் தலைமாட்டுப் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் விழுந்துவிட்டது. செல்போன் டார்ச்சைப் போட்டு மெத்தையின் ஓரத்தைத் தூக்கினேன். ஓரத் தையலில் பேனாவை உதறியதுபோல் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். தையல் மடிப்புக்குள் ஆப்பிள் விதை அளவில், அதே பழுப்பு நிறத்தில் நான்கைந்து. ஒன்றை நசுக்கினேன். அந்த வாசம் வந்ததும் எனக்கு எட்டு வயது ஆகிவிட்டது.

எங்கள் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக் கட்டிலை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, ஒரு பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தரையில் போடுவோம். பொலபொலவென்று உதிரும். செருப்பும் கையுமாக நாங்கள் நிற்போம். அப்பா கட்டில் மூட்டுகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார். மலேரியாவுக்கு டிடிடி அடிக்க வருகிறவர்கள் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள், கொஞ்ச நாள் கட்டிலும் சுத்தமாக இருக்கும். அப்புறம் அந்த மருந்துக்கே பூச்சி பழகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகிப் பஞ்சு மெத்தை, அப்புறம் ஃபோம் மெத்தை என்று வந்தபிறகு அந்த ஜென்மத்தை நான் பார்க்கவே இல்லை. ஒழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

கண்டதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிடக்கூடாது என்று.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1987ஆம் வருடம், மூன்றாம் வகுப்பு. ஒரு பையனின் சட்டைக் காலரில் மூட்டைப்பூச்சி ஊர்ந்தது. பக்கத்தில் இருந்தவன் கத்த, வகுப்பே சிரித்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதைத் தட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்க வேண்டும். நான் அவனை ஜன்னல் ஓரம் தனியாக உட்காரச் சொன்னேன். ஒரு வாரம் தனியாகவே உட்கார்ந்தான். அடுத்த வாரம் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது தலையில் எண்ணெய் வழிய, சட்டை கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. அவன் அம்மா என்ன பாடுபட்டிருப்பாள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. "குட், இப்படித்தான் சுத்தமா வரணும்" என்று பாராட்டினேன். டீச்சர் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு பாடமே படித்துத் தேறியவள் நான். அவன் இந்தப் பதிவைப் பார்ப்பானா தெரியாது. பார்த்தால், தம்பி, அது அழுக்கு பார்த்து வருகிற பூச்சி இல்லை. ஏசி அறையிலிருந்து என் சூட்கேஸிலும் ஏறி வந்தது. அன்று நான் செய்தது தவறு.

சரி, கதைக்கு வருகிறேன். யாரிடமும் சொல்லாமல் கடையில் ஒரு ஸ்பிரே வாங்கி வந்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு, மெத்தை நனைய அடித்தேன். அன்று இரவு அதே அறையில் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு இறுகிவிட்டது. இன்ஹேலர் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நெபுலைசர் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது. டாக்டரம்மா என் பேத்தி வயது. "என்ன அடிச்சீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்று என்னையே மிரட்டினார். இந்த ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. இளைப்பு இருப்பவர்களுக்கு அதன் நெடி மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். பூச்சியோ அதற்குப் பல இடங்களில் பழகிவிட்டது. நான் அடித்ததில் செத்தது கொஞ்சம், மீதி முன்னறைக் கட்டிலுக்குக் குடிபோய்விட்டது. எனக்குத்தான் அது அப்போது தெரியாது.

தெரியாது என்று எழுதுவதும் முழு உண்மை இல்லை. சந்தேகம் இருந்தது.

சித்திரையில் பள்ளி விடுமுறைக்கு அண்ணன் மகள் குழந்தையோடு வந்தாள். இரண்டு நாள். முன்னறைக் கட்டிலில்தான் படுக்க வைத்தேன். சொல்ல வாய் வரவில்லை. "அத்தை வீடு எப்பவும் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று வந்ததும் வராததுமாக அவள் சொன்னாள், அதோடு என் வாய் அடைத்துப்போனது.

வைகாசியில் போன் செய்தாள். "அத்தை, பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சுத் தடிச்சு வருது. ராத்திரியெல்லாம் அழுவுறா. காணாக்கடின்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. கத்தரிக்காயை நிறுத்திட்டேன். உங்களுக்கும் இப்படித்தானே இருந்துச்சு, என்ன பண்ணீங்க?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்றால், "வேப்பிலை அரைச்சுப் போடு கண்ணு."

ஐந்து வாரம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அந்தக் குழந்தைக்கு மூன்று டாக்டர், இரண்டு களிம்பு, தினமும் ராத்திரி ஒரு சிரப். போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மெத்தையைப் பார்த்திருப்பேன் அத்தை" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இனி, என்ன செய்து தப்பித்தோம் என்பது. என்னைப் போல் மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

பூச்சி மருந்து அடிக்கும் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். வந்தவன் மருந்து டப்பாவைத் திறக்கவே இல்லை. "டீச்சர், மருந்து கடைசிப் பாடம். முதல் பாடம் ஸ்குரூ டிரைவர்" என்றான். இரண்டு கட்டிலையும் கழற்றினான். மெத்தையில் இருந்ததைவிடக் கட்டில் சட்டத்தில்தான் அதிகம். ஆணி ஓட்டை, மரப் பிளவு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், எல்லா இடமும் குடும்பம் குடும்பமாக. முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளையாக, மரத்தோடு ஒட்டியிருந்தது. நல்ல மருந்தும் பெரும்பாலும் முட்டையைக் கொல்வதில்லை. ஆனால் சூட்டுக்குப் பெரியது, குஞ்சு, முட்டை எதுவும் தப்பாது. ஐம்பது டிகிரிக்கு மேல் உடம்பில் பட்டால் போதும். அப்பா ஊற்றிய கொதிதண்ணீர்தான், இப்போது துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர். ஒவ்வொரு மூட்டிலும் நிதானமாக ஆவியைக் காட்டினான். ஆவிக்கு நெடி இல்லை, எனக்கு இருமல்கூட வரவில்லை.

சித்திரை வெயிலில் மெத்தையைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தவள் நான். மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கம் போய்விடும். சாயங்காலம் மெத்தையோடு சேர்ந்து அதுவும் வீட்டுக்குள் வந்துவிடும்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் அறையிலேயே பையில் கட்டி, அப்படியே கொண்டுபோய் மெஷினில் அறுபது டிகிரி சூட்டில் துவைத்தோம். கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவோம். துவைக்க முடியாததை இஸ்திரி போட்டோம். வாசனை சோப்புத்தூள் எனக்கு ஆகாது, வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கினேன்.

அடுத்தது மெத்தை உறை. இதில் ஏமாந்தேன். ஆன்லைனில் மெத்தை கவர் என்று முதலில் வாங்கியது மேலே மட்டும் போர்த்தி நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்தது. அது தண்ணீர் சிந்தினால் தாங்கும், பூச்சிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வேண்டியது ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுகிற உறை. மெத்தை முழுதாக அதற்குள் போய்விட வேண்டும். உள்ளே இருப்பது வெளியே வர முடியாது, பட்டினியில் சாகும். வெளியே இருப்பது உள்ளே போய் ஒளிய முடியாது. வெள்ளையாக இருந்தால் மேலே ஒரு புள்ளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஜிப் முடியும் முனையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், குஞ்சு புகுந்துவர அது போதும். நான் டேப் ஒட்டியிருக்கிறேன். இந்தப் பூச்சி மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமல் உயிரோடு இருக்கும், அதனால் ஒரு வருடத்துக்கு உறையைக் கழற்றக்கூடாது. தலையணைக்கும் இதேபோல் ஜிப் உறை.

அலர்ஜிக்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபம். மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணி என்று ஒன்று உண்டு, பலருக்கு இளைப்பும் தும்மலும் அதனால்தான் வருகிறது. நெருக்கமான நெசவுள்ள துணி உறை அந்த உண்ணியின் கழிவையும் உள்ளேயே அடைத்துவிடும். வெறும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகு வேர்த்து வேர்க்குரு வரும், அப்புறம் அதை மூட்டைப்பூச்சி என்று நினைத்து இன்னொரு தடவை பயப்படுவீர்கள்.

அப்புறம் கட்டிலை ஒரு தீவாக்கினோம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். விரிப்பு தரையைத் தொடாமல் செருகினோம். கொசுவலை தரைவரை தொங்கினால் அது பூச்சிக்கு ஏணி, மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். இதற்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது, நடந்து ஏறித்தான் வர வேண்டும். ஆகவே கட்டில் கால்களில் காவல். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் காலுக்குத் தண்ணீர் வைப்போமே, அதே வித்தைதான். பெரிய கிண்ணத்துக்குள் சின்னக் கிண்ணம், கட்டில் கால் சின்னதில், தண்ணீர் வெளி வட்டத்தில். வழுவழுப்பான கிண்ணமே போதும், உள்ளே டால்கம் பவுடர் தடவினால் வழுக்கி விழும் என்கிறார்கள். ஆனால் சூடான ஊர்களில் இருக்கும் வகை வழுவழுப்பிலும் ஏறுவதில் கெட்டிக்காரப் பூச்சியாம், பவுடர் தூசு எனக்கும் ஆகாது. அதனால் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், மூட்டைப்பூச்சியை விரட்டப் போய் டெங்குக் கொசுவை வளர்க்கக்கூடாது.

கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி, பழைய காலண்டர், உங்கள் குரூப் போட்டோக்கள் எல்லாம் வெளியே போயின. பயப்படாதீர்கள், போட்டோக்கள் பத்திரம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் மருந்து. என்ன மருந்து என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். மெத்தையின் மேல் வேண்டாம், கட்டில் மூட்டும் சுவர் விரிசலும் மட்டும் போதும் என்று மாணவனே சொன்னான். முதல் தடவை தப்பிய முட்டை பொரிந்த பிறகு அந்தக் குஞ்சுகளுக்காக இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவை. இரண்டு தடவையும் நான் மூன்று நாள் தங்கை வீட்டில் இருந்தேன். இந்த முறை அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனேன். இஸ்திரி சூடு ஆறாத நான்கு புடவை, ஒரு மூடிய பை. அவள் வாசலிலேயே பையை வாங்கி வெயிலில் வைத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

செய்யக்கூடாததையும் சொல்ல வேண்டும். அந்துருண்டையால் மூட்டைப்பூச்சி ஒழியாது, நமக்குத்தான் மூச்சு முட்டும். சாம்பிராணி, வேப்பிலைப் புகையும் அப்படியே. சீமெண்ணெய் ஊற்றிய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், தானியக் கிடங்கில் வைக்கிற அந்த மாத்திரை. யாராவது மலிவாகத் தருகிறேன் என்று சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காற்று ஈரம் பட்டாலே அதிலிருந்து வருவது விஷ வாயு. வீட்டுக்குள் வைத்து மனிதர்கள் செத்திருக்கிறார்கள், பூச்சிக்காக வைத்து.

இன்னும் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. ஆவணியில் கடி நின்றுவிட்டது, இளைப்பு நிற்கவில்லை. தேடிப் படித்ததில் காரணம் கிடைத்தது. இந்தப் பூச்சியின் கழிவில் ஹிஸ்டமின் இருக்கிறது. அலர்ஜி வந்தால் நம் உடம்பே சுரக்குமே, அதே சமாச்சாரம். பூச்சியை ஒழித்த பிறகும் வீட்டுத் தூசில் அது மாதக்கணக்கில் தங்கியிருக்கிறது என்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது மனித உடம்பை என்ன செய்கிறது என்பது அவர்கள் பார்த்த விஷயம் இல்லை, ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. பழைய தலையணைகளைத் தூக்கிப் போட்டேன். துடைப்பத்தை விட்டுவிட்டு ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைக்க வைத்தேன், நான் மாஸ்க் போட்டுக்கொண்டு அடுத்த அறையிலிருந்து மேஸ்திரி வேலை. ஐப்பசி மழையிலும் இந்த வருடம் நெபுலைசர் தேவைப்படவில்லை.

கிண்ணங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். தேதி போட்டு, நான்கு காலுக்கு நான்கு கட்டம். ஆடி முதல் வாரம் மொத்தம் பதினேழு. அடுத்த வாரம் ஒன்பது. ஆவணியில் இரண்டு, ஒன்று, ஒன்று. புரட்டாசி முதல் வாரத்துக்குப் பிறகு பூஜ்யம்தான். நேற்றுக் காலை தலைமாட்டு இடது காலில் ஏதோ மிதந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தால் கட்டெறும்பு. அதையும் குறித்து வைத்தேன்.

நம் வீட்டுக்கு வருகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பையும் சூட்கேஸும் இனி வராந்தா மேஜை வரைக்கும்தான். அண்ணன் மகள் வீட்டிலும் இப்போது சுத்தம், அந்த மாணவனைத்தான் அனுப்பினேன், செலவு என்னுடையது. பொங்கலுக்கு வருகிறாள். கட்டில் கிண்ணத்தில் நிற்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தேன். பாப்பாவுக்கு அந்தக் கட்டிலில்தான் படுக்க வேண்டுமாம், கிண்ணத்தில் மீன் விடலாமா என்று கேட்கிறாள்.